இரட்டிப்பா? வெறுங்கையா?

சூதாட்டக் கூடங்களில் வைக்கப்பெற்றுள்ள போக்கர் சீட்டு இயந்திரத்தின் முன் அமர்ந்த ஒருவன் ஓர் ஆட்டத்தில் வென்றுவிட்டால், பல இயந்திரங்கள் வென்ற காசை அவன் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருப்பதில்லை. இரட்டிப்பாக்கிக் கொள்ள விருப்பமா என்று ஒரு வினாவைத் திரையில் எழுப்புகின்றன. வேண்டாமென்றால் வென்றது அவனுடையது. வேண்டுமென்றால் ஒரு சீட்டு முகம் தெரியத் திறக்கும். நான்கு சீட்டுகள் கவிழ்ந்து கிடக்கும். அந்நான்கில் ஒன்றை அவன் தொடவேண்டும். தொட்டது பெரிதாயின் வென்ற காசு இரு மடங்கு. சிறிதாயின் அவ்வளவும் போம். சமமாயின் காசு அப்படியே நிற்கும். இம்மறுபந்தயத்தை ஏற்பது தகுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

சூதைப் பற்றி இப்பகுதியில் எழுதுவானேன் என்று அன்பர் சிலர் முகஞ் சுளிக்கக் கூடும். கெந்திங் மலைமேல் 1971-ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரில் 2010-ஆம் ஆண்டிலும் சூதாட்டக் கூடங்கள் திறக்கப்பெற்றன. அவ்வாயில்களுள் நுழைவோரில் நம்மவரும் உளர். தீது தீது என்று அவர்களிடம் சொல்லுவோர் பலர். கணக்கை எடுத்துக் காட்டுவோர் சிலரே. ஆதலின் கணக்கையே பார்ப்போம்.

இவ்வினா இயந்திரத்தோடு பிறந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பிரபுக்களின் மாளிகைகளில் 'பாரோ' என்றொரு சீட்டாட்டம் கொடிகட்டிப் பறந்தது. ஆடுவோன் ஒரு சீட்டின்மேல் பணத்தை வைப்பான். அச்சீட்டு அவன் பக்கம் விழுந்தால் வைத்த அளவு வெல்வான். வென்றதை எடுத்துக்கொள்ளாமல் அதையும் சேர்த்து மறுபடி வைக்க எண்ணினால், வாய் திறவாமல் தன் சீட்டின் மூலையை மடக்குவான். அதற்குப் 'பரோலி' என்று பெயர். மேலும் மேலும் வென்றால் வைத்ததற்கு ஏழு மடங்கு, பதினைந்து மடங்கு என்று ஆதாயம் ஏறும்; ஒருமுறை தவறினால் ஒன்றுமில்லை. இன்று பித்தானை அழுத்தும் விரல் அன்று சீட்டின் மூலையை மடக்கிற்று, வேறுபாடு அவ்வளவே.

ஆயினும் அந்நாளைய மறுபந்தயம் நேர்மையானதன்று. ஒரே எண்ணுடைய சீட்டு இரு பக்கமும் விழுந்தால், பணம் பிடிப்போன் பாதியைத் தனக்கு எடுத்துக்கொள்ளுவான். இவ்விதிகளால் அவனுக்குக் கிடைக்கும் மிகுதியைப் பிரெஞ்சுக் கணித அறிஞர் மோன்மோர் 1708-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் கணக்கிட்டுக் காட்டினார். மூலையை மடக்குந்தோறும் அம்மிகுதிக்கு ஆடுவோன் மீண்டும் ஒருமுறை தலை கொடுத்தான் என்பது வெளிப்படை. ருஷ்யக் கவிஞர் புஷ்கின் 1834-இல் வெளியிட்ட 'இஸ்பேடு ராணி' என்னுங் கதையின் நாயகன் ஹெர்மன் ஆடியதும் இந்தப் பாரோ ஆட்டமே. முதல்நாள் 47,000 ரூபிள் வைத்து வென்றான். மறுநாள் 94,000 வைத்து வென்றான். மூன்றாம் நாள் முழுவதையும் வைத்து முழுவதையும் இழந்தான்.

அந்த ருஷ்யத் தலைநகருக்கும் இவ்வினாவுக்கும் அதற்கு முன்பே ஒரு தொடர்பு ஏற்பட்டிருந்தது. நிக்கோலஸ் பெர்னூலி என்பார் 1713-இல் மோன்மோருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு புதிரை வைத்தார். பிற்காலத்தார் அதனை இவ்வாறு கூறுவர்: நாணயத்தைச் சுண்டுக, முதல் முறையே தலை விழுந்தால் ஒரு காசு, இரண்டாம் முறை விழுந்தால் இரண்டு, மூன்றாம் முறை நான்கு என இரட்டித்துக்கொண்டே போகும். இவ்வாட்டத்தில் சேர எவ்வளவு கொடுக்கலாம்? சராசரிக் கணக்குப் போட்டால் ஒவ்வொரு படியும் அரைக் காசைக் கூட்டுகிறது, படிகளுக்கோ முடிவில்லை, ஆகவே எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று வருகிறது. ஆனால் புத்தியுள்ள எவனும் இருபது காசு கொடுக்கவும் தயங்குவான்! பிரெஞ்சு அறிஞர் புஃபோன் ஒரு சிறுவனைக் கொண்டு 2,048 முறை இதனை ஆடச்செய்து, 1777-இல் அச்செய்தியை வெளியிட்டார். மொத்தம் வந்தது 10,057. ஆட்டம் ஒன்றுக்கு ஐந்துகூடத் தேறவில்லை.

நிக்கோலஸின் உறவினராகிய தானியேல் பெர்னூலி, பீட்டர்ஸ்பர்க் கழகத்தின் ஏட்டில் 1738-இல் இதற்கு விடை பகர்ந்தார். அக்கட்டுரையில் அவர் காட்டும் ஏழை நம் இயந்திரத்தின் முன் அமர்ந்தவனே என்று சொல்லத் தோன்றுகிறது. அவ்வேழையின் கையில் ஒரு பரிசுச் சீட்டு இருக்கிறது. அது 20,000 தங்கக் காசு தரும்; அல்லது ஒன்றுந் தராது; இரண்டுக்கும் வாய்ப்புச் சமம். சராசரிப்படி அதன் மதிப்பு 10,000. ஒருவன் வந்து 9,000-க்குக் கேட்டால் அவ்வேழை விற்பது மடமையா? அன்று என்கிறார் தானியேல். அதே விலைக்கு வாங்க மறுக்குஞ் செல்வனோ மடமை செய்தவனாவான். காசின் எண்ணிக்கை எல்லோர்க்கும் ஒன்று. அதன் பயன் ஒன்றன்று. இல்லாதவனுக்கு வரும் முதல் பத்தாயிரம் வாழ்வையே மாற்றும். அதற்கு மேல் வரும் பத்தாயிரம் அத்துணை மாற்றாது.

நிற்க. இயந்திரத்தின் கதை அமெரிக்காவைச் சேர்ந்தது. 1891-இல் புரூக்ளின் நகரத்துச் சிட்மன், பிட் என்னும் இருவர் ஐந்து உருளைகளில் 50 சீட்டுகளைப் பொருத்தி ஒரு போக்கர் இயந்திரஞ் செய்தனர். பரிசு பீரும் சுருட்டும். 52 சீட்டில் இரண்டு எங்கே என்பீர்கள்: பெரும்பாலும் இஸ்பேடு பத்தும் ஆட்டின் ஜாக்கியும் நீக்கப்பெற்றிருந்தன, உயர்ந்த பரிசு அரிதாகும் பொருட்டு! நெவாடா மாநிலம் 1931-இல் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. 1970-களின் கடைசியில் சை ரெட் என்னும் வணிகர் திரையில் சீட்டுக் காட்டும் இயந்திரத்தை அங்கே பரப்பினார். சீட்டைக் காட்டும் இயந்திரம் மெய்யான சீட்டுக்கட்டின் வாய்ப்புகளையே பின்பற்ற வேண்டும் என்று அம்மாநில விதி கூறுகிறது. புரூக்ளின் தந்திரம் அங்குச் செல்லாது.

ஆகையால் மறுபந்தயத்தின் கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். திறந்த சீட்டுப் போக மீதி 51. அதற்குச் சமமானவை 3. எஞ்சிய 48-இல், திறப்பது எதுவென்று தெரியுமுன் சம்மதிப்பதால், சராசரியாக 24 நமக்கு, 24 இயந்திரத்துக்கு. கூடத்துக்கு ஒரு காசும் மிகுதியில்லை! அக்கூடத்தில் கிடைக்கும் பந்தயங்களில் இத்துணை நேர்மையானது காண்பதரிது. ஆயின் விதிப் பலகையைப் படித்தல் வேண்டும். சமம் வந்தால் காசு கூடத்துக்கே என்று எழுதியிருக்குமாயின், அதே பந்தயத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 5.9 போய்விடும்.

சூதாடி ஒன்றைப் பெற்று நூற்றை இழப்பவன் என்பது வள்ளுவர் கருத்து. இங்கோ ஒன்றுக்கு ஒன்று. அப்படியானால் கூடத்தார் இதனை ஏன் வைத்திருக்கின்றனர்?

இப்பந்தயத்தை யாரும் தனியே ஆட முடியாது என்பதைக் கவனிக்க. முதல் ஆட்டத்தில் காசைப் போட்டு வென்றவனுக்கே இக்கதவு திறக்கும். முதல் ஆட்டம் நேர்மையானதன்று. ஃபுல் ஹவுஸுக்கு 9, ஃபிளஷுக்கு 6 கொடுக்கும் நல்ல இயந்திரத்தில், பிழையின்றி ஆடுவோனுக்கும் 100 வெள்ளிக்கு 99 வெள்ளி 54 காசே சராசரியாகத் திரும்பும். 8-உம் 5-உம் கொடுப்பதில் 97 வெள்ளி 30 காசு. பிழையோடு ஆடுவோர்க்கு இன்னுங் குறையும். இரட்டிப்பதால் இந்த இழப்பு மாறுவதில்லை, கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஒரு நன்மையை மட்டும் மறைத்தல் நேர்மையாகாது: மறுபந்தயத்தில் செலவாகும் நேரம் முதல் ஆட்டத்துக்குக் கிடைக்காத நேரம். ஆகவே ஒரு மணி நேரம் உட்காருவது என்று உறுதி செய்துவிட்டவனுக்கு, இரட்டிக்குந்தோறும் மணிக்கான இழப்புச் சிறிது குறைகிறது. இதைவிட மலிவு உட்காராமல் இருப்பது என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

மற்றொன்று. நேர்மையான ஆட்டமும் மடி சிறியவனை ஒழிக்கும். இருவருள் ஒருவர் வெறுங்கையாகும்வரை சமவாய்ப்பில் ஆடினால், 100 உடையவன் ஓர் இலட்சம் உடையவனை வெல்லும் வாய்ப்பு 1,001-இல் ஒன்று. பாஸ்கல், ஹைகன்ஸ் காலத்திலேயே, அஃதாவது 1650-களிலேயே, இவ்வகைக் கணக்கு எழுப்பப்பட்டுவிட்டது. பத்து முறை தொடர்ந்து இரட்டிப்பேன் என்று ஒருவன் சூளுரைத்தால், 1,024 தடவைகளில் 1,023-இல் அவன் கை வெறுங்கை.

ஒரு நேர்வை மட்டும் எண்ணிப் பார்க்க. ஒரே எண்ணுள்ள நான்கு சீட்டுகள் சேர்வது அத்தகைய இயந்திரத்தில் சராசரியாக 423 ஆட்டங்களுக்கு ஒருமுறை. ஐந்து காசு போட்டவனுக்கு அப்போது 125 கிடைக்கும். அதுவரை சிறுகச் சிறுகப் போனதைப் பெரும்பாலும் அதுதான் ஈடுசெய்கிறது. அந்நேரத்தில் திரை வினவுகிறது. அழுத்தித் தோற்றவன் இன்னொரு 423 ஆட்டம் காத்திருக்க வேண்டும். அத்தனைக்கும் அவனிடம் காசு இருக்குமா? 125 காசு பொருட்டல்லாதவன் எந்தப் பித்தானை அழுத்தினால் என்ன! அன்றாடக் கூலியோடு வந்தவன் தானியேல் கூறிய ஏழையே. அவன் எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவதுதான் சரி என்பது நம் துணிபு.

சிங்கப்பூர்க் குடிமகனும் நிரந்தரவாசியுமாயின் அக்கூடத்துள் நுழையவே 2019 முதல் நாளொன்றுக்கு 150 வெள்ளி கட்டவேண்டும். மறுபந்தயத்தின் சமவாய்ப்பு அந்த 150-க்குப் பிறகே தொடங்குகிறது.