டோக்கியோ தேசிய விளையாட்டரங்க மீள்கட்டுமானச் சர்ச்சை

டோக்கியோ தேசிய விளையாட்டரங்க மீள்கட்டுமானச் சர்ச்சை என்பது 2020 கோடைக்கால ஒலிம்பிக் போட்டிகளுக்காக ஜப்பான் தலைநகரில் இருந்த பழைய அரங்கை இடித்துப் புதிய அரங்கைக் கட்டும் திட்டம் தொடர்பாக, 2013 முதல் 2015 வரை அந்நாட்டில் நடைபெற்ற அரசியல் விவாதம் ஆகும். செலவு மதிப்பீடு ஏறக்குறைய இரு மடங்கானதால், 2015 ஜூலையில் பிரதமர் சின்சோ அபே முதல் வடிவமைப்பைக் கைவிட்டார்.

பின்னணி

1958 இல் திறக்கப்பட்ட பழைய அரங்கம் 1964 ஒலிம்பிக் போட்டிகளின் முதன்மை அரங்கமாக விளங்கியது. மெய்ஜி கோயிலின் வெளித்தோட்டம் எனப்படும் மரங்கள் அடர்ந்த பகுதியில் இது அமைந்திருந்தது. 2012 இல் நடந்த பன்னாட்டு வடிவமைப்புப் போட்டியில், ஈராக்கில் பிறந்த பிரித்தானியக் கட்டிடக் கலைஞர் சாகா ஹதீத்தின் வடிவமைப்பு தேர்வானது. 80,000 இருக்கைகள் கொண்ட அரங்கிற்கு 13,000 கோடி யென் செலவாகும் எனக் கருதப்பட்டது. 2019 ரக்பி உலகக்கிண்ணப் போட்டிகளையும் இங்கு நடத்தத் திட்டமிடப்பட்டிருந்தது.

எதிர்ப்பும் செலவும்

2013 இல் மூத்த கட்டிடக் கலைஞர் ஃபுமிகிகோ மாக்கி, அரங்கின் பேருருவம் அப்பகுதிக்குப் பொருந்தாது எனக் கட்டுரை எழுதினார். டோயோ இட்டோ, கெங்கோ குமா முதலியோரும் அவருடன் இணைந்தனர். அருகிலிருந்த காசுமிகாவோக்கா பொதுக் குடியிருப்பில் வாழ்ந்தோர் வெளியேற்றப்பட்டது குறைவாகவே பேசப்பட்டது. அவர்களுள் சிலர் 1964 ஒலிம்பிக்கின்போதும் வீடிழந்தவர்கள்.

கூரையைத் தாங்கவிருந்த, ஏறத்தாழ 370 மீட்டர் நீளமான இரு எஃகு வளைவுகளே செலவு உயர்வுக்குக் காரணம் என அரசு கூறியது. போட்டி விலைப்புள்ளி இன்றிக் கட்டுமான நிறுவனங்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்ததே காரணம் என்றது ஹதீத்தின் அலுவலகம். வடிவமைப்பு சுருக்கப்பட்ட பின்னரும் 2015 இல் மதிப்பீடு 25,200 கோடி யென்னை எட்டியது.

எனினும் அரசியல் மோதல் பெரிதும் பணம் யாருடையது என்பதைப் பற்றியதாகவே இருந்தது. டோக்கியோ மாநகரம் 5,000 கோடி யென் தரவேண்டும் எனக் கல்வி அமைச்சர் அகுபுன் சிமோமுரா கோரினார். தேசிய அரங்கிற்கு மாநகர மக்களின் வரிப்பணத்தைக் கணக்கின்றித் தர இயலாது என ஆளுநர் யோய்ச்சி மசுசோயே எதிர்த்தார்.

2015 ஜூலை 16 இல் கடும் மக்கள் எதிர்ப்புக்கிடையே பாதுகாப்புச் சட்டமுன்வரைவுகள் கீழவையில் நிறைவேறின. அபேயின் செல்வாக்கு சரிந்திருந்த நிலையில், மறுநாளே அரங்கத் திட்டத்தைத் தொடக்கத்திலிருந்து மீளாய்வு செய்வதாக அவர் அறிவித்தார். அதற்குள் பழைய அரங்கம் இடிக்கப்பட்டுவிட்டதால், அதனைச் செப்பனிட்டுப் பயன்படுத்தும் மலிவான வழி எஞ்சியிருக்கவில்லை. ரக்பி இறுதிப் போட்டி யோக்கொகாமாவுக்கு மாற்றப்பட்டது. விசாரணைக் குழு ஒன்று பொறுப்பாளர்களுள் ஒருவராகக் குறிப்பிட்டதையடுத்துச் சிமோமுரா பதவி விலக முன்வந்தார்.

இரண்டாம் திட்டம்

செலவுக்கு 15,500 கோடி யென் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. 2015 டிசம்பரில், முன்னர் எதிர்ப்பாளராக இருந்த கெங்கோ குமாவின் மரவேலைப்பாடு மிகுந்த வடிவமைப்பு, டோயோ இட்டோவின் வடிவமைப்பை 610க்கு 602 என்ற புள்ளிகளில் வென்றது. ஒலிம்பிக் சுடர்க் கொப்பரைக்கு அதில் இடம் ஒதுக்கப்படவில்லை என்பது 2016 இல்தான் தெரியவந்தது. ஏறத்தாழ 68,000 இருக்கைகள் கொண்ட அரங்கம் 2019 நவம்பரில் நிறைவுற்றது. கொரோனா பெருந்தொற்றால் போட்டிகள் 2021க்குத் தள்ளிவைக்கப்பட்டு, அரங்கில் பார்வையாளர்கள் இன்றியே நடைபெற்றன.