கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் பைங்கிளி: ஒரு வரலாறு

செந்தார்ப் பைங்கிளி தமிழகச் சமவெளிகளில் பரவலாகக் காணப்படும் கிளி இனமாகும். பேச்சுவழக்கில் இது பச்சைக்கிளி எனப்படுகிறது. நீண்ட வாலோடு சேர்த்து ஏறத்தாழ 40 செ.மீ. நீளம் இருக்கும். வளர்ந்த ஆண் கிளியின் கழுத்தில் கறுப்பும் இளஞ்சிவப்புமான வளையம் உண்டு. 'செந்தார்' என்பது அதையே குறிக்கும். பெண் கிளிக்கும் இளங்கிளிக்கும் அவ்வளையம் இராது. 1769இல் ஸ்கோபோலி என்ற இயற்கை அறிஞர் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பகுதிகளிலும் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரிலும் மாலை நேரத்தில் இக்கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறப்பதைக் காணலாம். இது காட்டுப் பறவை என்றால் வியப்பவர்கள் உண்டு. கிளி என்றதும் கூண்டே நினைவுக்கு வருமளவு அந்தப் பழக்கம் ஊறியிருக்கிறது.

இலக்கியத்தில் கிளி

சங்க இலக்கியத்தில் கிளி பெரும்பாலும் தினைக்கதிரைக் கவரும் பறவை. ஐங்குறுநூற்றின் குறிஞ்சிப் பகுதியில் கபிலர் 'கிள்ளைப் பத்து' என்று பத்துப் பாடல்களைக் கிளிக்கே ஒதுக்கினார். புனம் காக்கும் பெண்கள் தட்டை, தழல், கவண் முதலிய கருவிகளால் கிளியை விரட்டினர். கிளி வந்தால்தான் காவல். காவல் இருந்தால்தான் தலைவனைச் சந்திக்க வாய்ப்பு. பயிருக்குப் பகையான பறவையைக் காதலர் வாழ்த்தியதன் காரணம் இதுவே.

வளர்ப்புக் கிளியும் அக்காலத்திலேயே உண்டு. அந்தணர் இல்லங்களில் கிளிகளுக்கு மறையோசை பயிற்றியதைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. திருவாசகத்தின் திருத்தசாங்கம் கிளியிடம் இறைவனின் பெயர், நாடு, ஊர், ஆறு, மலை எனப் பத்துச் செய்திகளைக் கேட்கும் வெண்பாக்களால் ஆனது. மாணிக்கவாசகர் இதைத் தில்லையில் அருளினார் என்பது மரபு. ஆயினும் ஊர் எது என்ற கேள்விக்கு விடையாக வருவது தில்லையன்று, உத்தரகோசமங்கை.

கூண்டும் சட்டமும்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பைங்கிளியை நான்காம் அட்டவணையில் சேர்த்தது. 1990-91இல் இந்தியக் காட்டுப் பறவைகளின் வணிகம் முற்றிலும் தடை செய்யப்பட்டது. 2022இல் நிறைவேறி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் இது இரண்டாம் அட்டவணைக்கு மாறியது. பிடிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, வீட்டுக் கூண்டில் வைத்திருப்பதும் குற்றமே. ஆயினும் கிளி ஜோசியம் கோயில் வாசல்களிலும் சந்தைகளிலும் தொடர்ந்தது.

இச்சட்டம் ஊர் முழுவதும் பேசப்பட்டது 2024 ஏப்ரலில்தான். கடலூர் மக்களவைத் தொகுதியில் பாட்டாளி மக்கள் கட்சி வேட்பாளராக நின்ற திரைப்பட இயக்குநர் தங்கர் பச்சான், தென்னம்பாக்கம் அய்யனார் கோயில் அருகே கிளி ஜோசியம் பார்த்தார். அவர் வெல்வார் என்று பலன் கூறப்பட்டது. காட்சி பரவியதும் வனத்துறையினர் ஜோசியரைப் பிடித்துக் கிளிகளைப் பறிமுதல் செய்தனர்; பின்னர் அவரை எச்சரித்து விடுவித்தனர். இது பழிவாங்கல் என்று அக்கட்சித் தலைவர் அன்புமணி கண்டித்தார். தேர்தலில் காங்கிரஸ் வென்றது. கிளியின் கணிப்பு பலிக்கவில்லை.

இந்நிகழ்ச்சி பெரும்பாலும் அரசியல் வேடிக்கையாகவே பேசப்பட்டது. ஆனால் அரை நூற்றாண்டுப் பழமையான சட்டம் ஒரு தேர்தல் காட்சியால்தான் பலர் காதில் விழுந்தது என்பது கவனிக்கத்தக்கது. தலைமுறையாக இத்தொழிலை நம்பியவருக்கு மாற்றுப் பிழைப்பு என்ன என்ற கேள்வியும் அத்துடன் எழுந்தது. கிளிகளின் பக்கமும் சிக்கல் உண்டு. ஜோசியக் கிளிகளுக்குச் சிறகு நறுக்கப்பட்டிருக்கும். புதிய இறகு முளைக்கும்வரை அவற்றால் நன்கு பறக்க முடியாது.

பொந்துத் தட்டுப்பாடு

கூண்டைவிடப் பெரிய கவலை கூடு. பைங்கிளி சுள்ளிகளால் கூடு கட்டுவதில்லை. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்த பொந்தை அகலப்படுத்தி முட்டையிடும். தலை போன மொட்டைப் பனை அதற்கு மிகவும் உகந்தது. கட்டடச் சுவர்களின் ஓட்டைகளும் கோபுரச் சுதைகளின் இடுக்குகளும் பயன்படும். சிதம்பரம் நடராசர் கோயிலின் ஏழுநிலைக் கோபுரங்கள் நான்கும் மனிதர் கட்டிய குன்றுகள் போன்றவை. கிளிக்கு வேண்டியதும் அத்தகைய உயரமும் இடுக்குமே. திருப்பணிகளில் இடுக்குகளைப் பூசி அடைப்பது வழக்கம். மைனாவும் பனங்காடையும் புள்ளி ஆந்தையும் அதே பொந்துகளுக்குப் போட்டியிடுகின்றன.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளும் தென்னைகளும் பேரளவில் சாய்ந்தன. பயிர் இழப்பு கணக்கிடப்பட்டது. பொந்துகளை யாரும் கணக்கிடவில்லை. மறுநடவு செய்த கன்று காய்க்கச் சில ஆண்டுகள் போதும். அதில் பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும். பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021இல் தமிழக அரசு அறிவித்தது. ஆனால் பயன் முடிந்ததாகக் கருதப்படும் மொட்டைப் பனையை விட்டுவைக்க எவருக்கும் மனம் வருவதில்லை.

கடல் கடந்த கிளிகள்

இங்கே மண்ணின் பறவையான இது இலண்டன் புறநகர்களில் வந்தேறிப் பறவை. வளர்ப்புக்காகக் கொண்டுபோகப்பட்டுத் தப்பிய கிளிகள் 1970 வாக்கில் அங்கே நிலைத்துப் பெருகின. 1983இல் பிரிட்டன் பறவைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டன. இசைக்கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் இரண்டு கிளிகளை விடுவித்ததே தொடக்கம் என்ற கதை அங்கு பிரபலம். ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் காட்டுப் பறவை இறக்குமதியை 2007இல் நிரந்தரமாகத் தடை செய்தது.

கணக்கெடுப்பு

தமிழகத்தில் 2015 முதல் சனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. வீட்டு மாடியிலிருந்தே 15 நிமிடம் பார்த்து, கண்ட பறவைகளை இ-பேர்டு தளத்தில் பதியலாம். பைங்கிளியை எண்ண, அடைக்கலம் திரும்பும் மாலை நேரம் ஏற்றது. இக்கணக்கெடுப்பு கிளிகளின் இனப்பெருக்கம் தொடங்கும் பருவத்திலேயே வருகிறது. எனவே பொந்து வாயில் சத்தமின்றி அமர்ந்திருக்கும் கிளியைக் கண்டால் எண்ணிக்கையோடு அந்த மரத்தின் பெயரையும் குறித்துக்கொள்ளலாம். எந்த மரங்கள் கிளிக்கு இடம் தருகின்றன என்ற பட்டியலை இவ்வட்டாரத்தில் மாணவர்களே தயாரிக்க முடியும்.