பணியிட ஒளியூட்டம்

ஒருவர் வேலை செய்யும் பரப்பின்மீது வந்து விழும் ஒளியின் அளவு ஒளியூட்டம் எனப்படும். விளக்கு வெளிவிடும் மொத்த ஒளி லுமென் என்னும் அலகால் அளக்கப்படுகிறது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லுமென் சீராக விழுமாயின் அங்குள்ள ஒளியூட்டம் ஒரு லக்ஸ் ஆகும். முழுநிலவில் தரைக்குக் கிடைப்பது கால் லக்ஸ் அளவே என்றாலும் உச்சிவெயிலில் அது ஒரு லட்சம் லக்ஸை எட்டுகிறது. இவ்விரண்டுக்கும் கண் பழகிக்கொள்வதால், மங்கிய ஒளியில் நாள்தோறும் உழைப்பவர் அக்குறையை உணராமலே போகலாம். ஆகவே அதனை லக்ஸ் மானியால் அளந்தே அறிய வேண்டும்.

இந்தியாவில் ஐ.எஸ். 3646 நெறிமுறையும் ஐரோப்பாவில் இ.என். 12464-1 தரநிலையும் பணிக்கேற்ற அளவுகளை வகுத்துள்ளன. ஐரோப்பியத் தரநிலை நடைவழிக்கு 100 லக்ஸும், நகலெடுக்கும் இடத்துக்கு 300 லக்ஸும், எழுத்து மற்றும் கணினி வேலைக்கு 500 லக்ஸும், கையால் கடிகாரம் செய்வதற்கு 1500 லக்ஸும் கோருகிறது. பார்க்கவேண்டிய பொருள் சிறுத்து, பின்னணியிலிருந்து அது வேறுபடும் தன்மையும் குறையும்போது ஒளித்தேவை கூடும் என்பதே இவ்வரிசையின் அடிப்படை. தையல் வேலையில் இது தெளிவாக விளங்கும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓடும்போது தையல் விட்டுப்போன இடம் நிழற்கோடாக மட்டுமே தெரிவதால் தைப்பதற்கு 750 லக்ஸும், திருப்பூர்ப் பின்னலாடைக் கூடங்களில் செக்கிங் எனப்படுவது போன்ற துணிச் சோதனைக்கு 1000 லக்ஸும் வேண்டப்படுகின்றன. சோதனை மேசையில் அளவு மட்டும் போதாது. நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைக் குறிக்கும் நிறக்காட்டு எண் 90க்குக் குறையாத விளக்கும் தேவை, ஏனெனில் ஒரு விளக்கடியில் ஒத்துத் தோன்றும் ஆடையின் கையும் உடலும் வெயிலில் வெவ்வேறு சாயமாகப் பிரிந்து தெரியக்கூடும்.

இவ்வளவுகள் விளக்கு மாட்டிய நாளுக்கு உரியவை அல்ல. விளக்கு தேய்ந்து, பஞ்சுத்தூசி படிந்து, சுவர் மங்கிய பிறகும் சராசரி ஒளியூட்டம் இவற்றுக்குக் கீழே இறங்கலாகாது என்பதே அவற்றின் பொருளாதலால், தொடக்கத்தில் கூடுதல் ஒளி அமைப்பது இன்றியமையாதது. சிறு விளக்கொன்றின் தொலைவை இரட்டித்தால் அதன் நேர்க்கீழ் விழும் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும்; ஊசிக்கருகே தனிவிளக்கு பொருத்துவதன் பயன் இதுவே. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 17ஆம் பிரிவில், கண்கூச்சத்தையும் கண்ணை வருத்தும் நிழலையும் தடுக்கச் சொன்னதோடு, வெளிச்சம் தரும் கண்ணாடிச் சன்னல்களை உள்ளும் புறமும் துடைத்து வைக்கவும் விதித்தது மிகப் பொருத்தமானது.

அகவை ஏறும்போது கண்வில்லை மங்கி விழித்திரைக்குச் செல்லும் ஒளி குறைகிறது. பணியாளரின் பார்வைத்திறன் இயல்பைவிடக் குறைந்திருந்தால் அளவை ஒரு படி உயர்த்த ஐரோப்பியத் தரநிலை இடமளிப்பதால், 500 லக்ஸ் வகுக்கப்பட்ட மேசைக்கு அப்போது 750 லக்ஸ் அமைக்கப்படுகிறது.