முடியின் காவலும் குடியின் காவலும்

மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர், அது தோன்றிய நீமச் நகரிலிருந்து தொடங்குவது வழக்கம். மைசூரில் வாழும் நாமோ, அதற்கு ஓராண்டு முந்திச் சென்று, நம் நகரிலிருந்து பெங்களூர் செல்லும் பெருவழியில் மத்தூரை அடுத்துள்ள சிவபுரத்திலிருந்து தொடங்குதல் பொருந்தும்.

1938 ஏப்ரல் 11-ஆம் நாள் அச்சிற்றூரில் மைசூர்க் காங்கிரஸார் தடையை மீறிக் கொடியேற்றிச் சிறைபுகுந்தனர். அதே மாதம் 25-ஆம் நாள், அந்நாளைய கோலார் மாவட்டத்து விதுராசுவத்தத்தில் கொடிக்காகக் கூடிய மக்களைப் போலீஸார் சுட்டனர், பலர் மாண்டனர். சர்தார் வல்லபபாய் படேலும் ஆசார்ய கிருபளானியும் பெங்களூருக்கு விரைந்து வந்து, திவான் சர் மிர்ஸா இஸ்மாயிலுடன் பேசினர். சமஸ்தானக் கொடியோடு காங்கிரஸ் கொடியும் பறக்கலாம் என்னும் உடன்பாடு பிறந்தது. ஆயினும், போலீஸ்காரன் கையிலுள்ள துப்பாக்கி யாரைக் காப்பதற்கு என்ற வினாவுக்கு அவ்வுடன்பாட்டில் விடை இல்லை.

திருவிதாங்கூர், ஐதராபாத், ராஜ்கோட் முதலிய சமஸ்தானங்களிலும் அக்காலத்தே பொறுப்பாட்சிக் கிளர்ச்சி மூண்டது. மைசூரைப் போலச் சொந்தக் காவற்படை பெற்றிருந்தவை சிலவே. சிறு சமஸ்தானங்களுக்கு அந்த வலிமை இல்லை. அவற்றில் அமைதி காப்பதற்கென 1939 ஜூலை 27-ஆம் நாள் நீமச்சில் ஒரு படை திரட்டப்பட்டது. மன்னர்களோடு உறவு கொள்ளும் அதிகாரம் 1937 முதல் 'கிரீடப் பிரதிநிதி' என்ற பதவிக்கு உரியதாயிருந்தது. வைஸ்ராயே அப்பதவியையும் வகித்தார். அதனால் படைக்கும் 'கிரீடப் பிரதிநிதியின் போலீஸ்' என்றே பெயர் அமைந்தது.

1947-இல் கிரீடமும் அகன்றது. அதன் பிரதிநிதியும் அகன்றார். மைசூரிலோ அவ்வாண்டு செப்டம்பரில் 'மைசூர் சலோ' கிளர்ச்சி எழுந்தது, அக்டோபரில் கே. சி. ரெட்டி தலைமையில் மக்களாட்சி அமைந்தது. தலைவனை இழந்த அந்தப் படை மட்டும் எஞ்சி நின்றது. அதனைக் கலைத்திருக்கலாம். உள்துறை அமைச்சராயிருந்த படேல் அவ்வாறு செய்யவில்லை. 1949 டிசம்பர் 28-ஆம் நாள் வந்த சட்டத்தால் அது மத்திய ரிசர்வ் போலீஸ் படை ஆயிற்று.

சட்டங்களை மொழிபெயர்க்கும் தொழிலில் இருக்கும் நமக்கு அச்சட்டத்தின் ஒரு சொல் கருத்தைக் கவர்கிறது. புதிதாக ஒரு படை 'அமைக்கப்படும்' என்று அது கூறவில்லை. மத்திய அரசின் ஆயுதப்படை ஒன்று 'தொடர்ந்து இருந்துவரும்' என்றே கூறுகிறது. ஆட்களும் துப்பாக்கிகளும் பழையவை. எசமான் மட்டும் புதியவன். முடிக்காகத் திரட்டப்பட்ட படை, குடிக்குக் கடமைப்பட்ட படையாகத் தொடரவேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

அக்கடமைக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1959 அக்டோபர் 21-ஆம் நாள் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனத் துருப்புகளின் தாக்குதலில் 10 போலீஸார் உயிர் துறந்தனர். 1965 ஏப்ரல் 9-ஆம் நாள் கட்ச் பாலைவெளியின் சர்தார் காவல்நிலையில், இப்படையினர் பாகிஸ்தானிய இராணுவத்தை எதிர்த்து நின்றனர். அவ்வாண்டு டிசம்பரில் எல்லைப் பாதுகாப்புப் படை தனியே தோன்றியபின், உள்நாட்டு அமைதியே இதன் முதற்பணியாயிற்று. ஒரு பட்டாலியனாய்த் தொடங்கியது இன்று 240-க்கும் மேற்பட்ட பட்டாலியன்களாய் வளர்ந்துள்ளது.

எல்லையில் எதிரியை அடையாளம் காண்பது எளிது. உள்நாட்டிலோ, எதிரே நிற்பவரும் நம் குடிமகனே. ஆகவே விதுராசுவத்தம் எழுப்பிய வினா பழங்கதையாகிவிடவில்லை. ஆண்டுதோறும் அக்டோபர் 21-இல் நாடெங்கும் மாண்ட காவலருக்கு அஞ்சலி செலுத்துகின்றனர். மைசூரில் நாம் அன்று தலைவணங்கும்போது, கொடிக்காக மாண்ட குடிகளையும் நினைவுகூர்வோமாக. படையின் பெயரை ஒரு சட்டம் ஒரே நாளில் மாற்றியது; மக்களின் நம்பிக்கையையோ அது நாள்தோறும் ஈட்டவேண்டும்.