மெலடோனின்

இருட்டியபின் மூளையின் நடுவிலுள்ள பீனியல் சுரப்பி இரத்தத்தில் கலக்கும் ஹார்மோன். தூக்கத்தோடு சேர்த்தே பேசப்படும் இதற்குப் பெயர் வந்தது தோலின் நிறத்திலிருந்து.

மாட்டின் பீனியல் சாறு தவளையின் தலைப்பிரட்டைகளை வெளுக்கச் செய்வதை 1917இல் மெக்கார்ட், ஆலன் என்ற ஆய்வாளர்கள் கண்டனர். அந்தப் பொருளை 1958இல் பிரித்தெடுத்தவர் யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர். வெண்புள்ளி போன்ற தோல் நோய்களுக்கு வழி தேடிக்கொண்டிருந்தவர் அவர். கருமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘மெலாஸ்’. மெலனின் என்ற நிறமியின் பெயரும் அதில் பிறந்ததுதான். புதிய பொருள் தவளைத் தோலின் மெலனின் துகள்களை ஒடுக்கியது. வேதி அமைப்பில் செரடோனினுக்கு உறவு. இரண்டு பெயர்களும் இணைந்து மெலடோனின் ஆயின.

வயது ஏற ஏற இதன் இரவுச் சுரப்பு பொதுவாகக் குறைகிறது. முதியோர் நள்ளிரவில் விழித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. அல்சைமர் நோயில் சரிவு இன்னும் அதிகம். பீனியலுக்குப் பொழுது உணர்த்தும் ஹைபோதலாமஸ் நரம்பணுக்கள் சிதைவதால் பகலும் இரவும் குழம்பிவிடுகின்றன. அந்தி நேரத்தில் இந்நோயுள்ள பெரியவர்கள் பதறுவதைப் பிடிவாதம் என்று வீட்டார் கடிந்துகொள்வது மிகவும் வருத்தத்துக்குரியது. அது நோயின் செயல்.

அவர்களைப் பகல் வெளிச்சத்தில் உட்கார வையுங்கள், இரவில் விளக்கைக் குறையுங்கள். மெலடோனின் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.