தடுக்கப்பட்டவர்

மாற்றுத்திறனாளியைக் குறிக்கும் 'முஆக்' என்ற அரபுச் சொல்லுக்குக் 'குறைபட்டவன்' என்பதே வேர்ப்பொருள் என்று அண்மையில் ஒருவர் எழுதியிருந்தார். தவறு. முஆக், அதே பொருளில் வழங்கும் முஅவ்வக் இரண்டும் ஐன்–வாவ்–காஃப் என்னும் வேரில் பிறந்தவை. அவ்வேருக்குத் தடுத்தல், மறித்தல் என்பதே பொருள்.

குர்ஆன் 33:18 குறிக்கும் 'முஅவ்விகீன்' யார்? பிறரைப் போருக்குப் போகவிடாமல் தடுத்தவர்கள். ஓர் உயிர்க்குறி மாறினால் முஅவ்விக் (தடுப்பவன்), முஅவ்வக் (தடுக்கப்பட்டவன்) ஆகிவிடும். வானத்திலும் சான்றுண்டு. கார்த்திகையைத் தேடிச் செல்லும் ரோகிணியை மறிப்பதால்தான் 'ஐயூக்' என்னும் விண்மீனுக்கு அப்பெயர் என்கிறது 'லிசானுல் அரப்' அகராதி. பார்வையற்றவரைக் குறிக்கும் 'கஃபீஃப்' சொல்லும் இவ்வழியே: 'கஃப்' என்றால் தடுத்து நிறுத்துதல்; பார்வை தடுக்கப்பட்டவர் கஃபீஃப். முஆக் பிழை, முஅவ்வக்கே சரி என்போரின் வழக்கு நமக்கு வேண்டாம், வேர் ஒன்றுதான்.

அரபியிலும் மங்கல வழக்கு உண்டு. பார்வையற்றவரை 'பஸீர்' (பார்ப்பவர்) என்பர்; பாம்பு கடித்தவரை 'ஸலீம்' (நலமாயிருப்பவர்) என்பர். ஆனால் ஒன்பதாம் நூற்றாண்டில் அரபு எழுத்தாளர் அல்-ஜாஹிஸ் நொண்டி, குருடு என்ற பொருளுள்ள சொற்களையே நூல் தலைப்பில் வைத்தார். அங்கே இழிவு இல்லை.

இழிவு இன்றைய இணையத்தில் இருக்கிறது. வாக்குவாதம் முற்றினால் எதிராளியை 'முஆக்' என்று ஏசுகிறார்கள். இதற்கு மாற்றாக 2017இல் ஐக்கிய அரபு அமீரகம் 'அஸ்ஹாபுல் ஹிமம்' (மனவுறுதி உடையோர்) என்ற பெயரை அறிவித்தது. நம் 'மாற்றுத்திறனாளி' போன்ற நல்லெண்ணம்தான். 2022இல் கத்தாரில் உலகக் கோப்பைத் தொடக்க விழாவில் கால்களின்றிப் பிறந்த கானிம் அல்-முஃப்தா குர்ஆன் ஓதியபோது அரபு இணையம் அவரது ஹிம்மாவைக் (மனவுறுதியைக்; 'ஹிமம்' இதன் பன்மை) கொண்டாடியது. நானும் நெகிழ்ந்தேன். ஆயினும் ஹிம்மாவின் உடன்பிறப்பு 'ஹம்ம்': கவலை, மனச்சுமை. அந்தச் சுமையை 'அஸ்ஹாபுல் ஹிமம்' என்ற பெயர், அப்பெயர் பெற்றவர் தலையிலேயே ஏற்றுகிறது. படிக்கட்டு மட்டுமே உள்ள அலுவலக வாசலில் சக்கர நாற்காலியில் காத்திருப்பவரிடம் உறுதியைக் கேட்டு என்ன பயன்?

முஆக் செயப்பாட்டுச் சொல். தடுத்தவர் யார் என்ற கேள்வி அதற்குள்ளேயே கிடக்கிறது. ஏசுபவர் அதை மறைத்தார்; பாராட்டுபவரும் மறந்தார். ஐயூக்குக்குப் பெயரிட்ட பழைய அரபியர் ரோகிணியிடம் குறை காணவில்லை. நடுவில் நின்ற மீனையே சுட்டினார்கள். முஆக்கும் அதே பார்வையில் பிறந்த சொல் என்பதே என் துணிபு.