சிட்னியில் வேலை கிடைச்சாச்சு, வீடு கிடைக்குமா? சம்பளம், வாடகை, பாண்ட்: முழுக் கணக்கு

சிட்னியில் இருக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து உங்களுக்கு ஆஃபர் லெட்டர் வருகிறது. ஆண்டுச் சம்பளம் 1 லட்சம் டாலர். உடனே என்ன செய்வீர்கள்? ரூபாயில் எவ்வளவு என்று கூகுளில் தட்டிப் பார்ப்பீர்கள். வீட்டில் சொன்னால் அவர்களும் அதையேதான் செய்வார்கள்.

ஆனால் முதலில் போட வேண்டிய கணக்கு வேறு. அந்தத் தொகையை 52-ஆல் வகுத்துப் பாருங்கள். ஏன்னா, ஆஸ்திரேலியாவில் சம்பளம் ஆண்டுக் கணக்கில் பேசப்படுகிறது, வாடகை வாரக் கணக்கில் பேசப்படுகிறது. இந்த இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவராமல் கையெழுத்துப் போட்டால், விமானம் ஏறிய பிறகுதான் உண்மை நிலவரம் தெரியும்.

சிட்னியில் வாடகைக்கு வீடு தேட என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும், சட்டம் உங்களுக்கு என்ன பாதுகாப்பு தருகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வாடகை எவ்வளவு?

விளம்பரத்தில் 700 டாலர் என்று போட்டிருந்தால் அது ஒரு வாரத்துக்கு. அதை நான்கால் பெருக்கி, மாதம் 2,800 டாலர் என்று முடிவு செய்துவிடாதீங்க. ஆண்டுக்கு 52 வாரம், 12 மாதம். அந்தக் கணக்குப்படி மாத வாடகை 3,033 டாலர். அதாவது மாதத்துக்கு 233 டாலர் கூடுதல்.

இந்த 700 என்பது சும்மா எடுத்துக்கொண்ட எண் இல்லை. 2025-ல் சிட்னியில் அடுக்குமாடி வீடுகளுக்கு விளம்பரப்படுத்தப்பட்ட வாடகையின் இடைநிலை அளவு, வாரத்துக்கு 700 டாலரைத் தாண்டியிருந்தது. இடைநிலை என்றால், பாதி வீடுகள் இதைவிட அதிகம், பாதி வீடுகள் இதைவிடக் குறைவு. அதே ஆண்டில் மெல்போர்னில் இது 600 டாலருக்குக் கீழே இருந்தது. இரண்டு ஊரிலும் ஆஃபர் கையில் இருந்தால், சம்பளத்தோடு இந்த இடைவெளியையும் சேர்த்துப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு வாடகை? வாடகைச் சந்தையில் சுமார் 3% வீடுகள் காலியாக இருந்தால் அது சமநிலை என்று பொதுவாகச் சொல்வார்கள். சிட்னியில் சில ஆண்டுகளாகவே அந்த விகிதம் 2 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கிறது. 2024 நடுவிலிருந்து ஐந்தாண்டுகளில் 12 லட்சம் புதிய வீடுகள் கட்டுவது என்று ஆஸ்திரேலிய அரசு இலக்கு வைத்திருக்கிறது. ஆனால் நீங்கள் இந்த ஆண்டு கிளம்புவதாக இருந்தால், அதை நம்பி பட்ஜெட் போட முடியாது.

உங்கள் சம்பளம் எவ்வளவு வாடகையைத் தாங்கும்?

பிடித்தத்துக்கு முந்தைய வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகைக்குப் போனால் அது சுமை. ஆஸ்திரேலியாவில் பரவலாகப் பயன்படுத்தப்படும் அளவுகோல் இது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் ஏஜென்ட்டும் கிட்டத்தட்ட இந்தக் கணக்கைத்தான் மனதில் வைத்திருப்பார்.

கீழே உள்ள மூன்று கணக்குகளும் 2025-26 நிதியாண்டின் வருமான வரி விகிதப்படி போடப்பட்டவை. 2% மெடிகேர் வரியும் இதில் கழிக்கப்பட்டிருக்கிறது. மெடிகேர் தகுதி இல்லாத தற்காலிக விசாக்காரர்கள் அந்த 2 சதவீதத்துக்கு விலக்குக் கேட்க முடியும்.

1. சம்பளம் 76,515 டாலர்: வாரம் கைக்கு வருவது சுமார் 1,178 டாலர். 30% கணக்கில் தாங்கும் வாடகை 441 டாலர்.

2. சம்பளம் 1 லட்சம் டாலர், சூப்பர் உட்பட: கைக்கு வருவது சுமார் 1,345 டாலர். தாங்கும் வாடகை 515 டாலர்.

3. சம்பளம் 1 லட்சம் டாலர், சூப்பர் தனி: கைக்கு வருவது சுமார் 1,485 டாலர். தாங்கும் வாடகை 577 டாலர்.

முதல் எண்ணைக் கவனியுங்கள். நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் 'ஸ்கில்ஸ் இன் டிமாண்ட்' விசாவின் கோர் ஸ்கில்ஸ் பிரிவுக்கு 2025-26 நிதியாண்டில் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்சச் சம்பளம் அதுதான். அந்தச் சம்பளத்தில் 700 டாலர் வீட்டில் தனியாக இருந்தால், கைக்கு வருவதில் கிட்டத்தட்ட 60% வாடகைக்கே போய்விடும். 700 டாலர் வாடகை 30 சதவீதத்துக்குள் அடங்க வேண்டுமென்றால், சம்பளம் சுமார் 1 லட்சத்து 21 ஆயிரம் டாலர் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மூன்றாவது வரிகளுக்கு நடுவே இருப்பது 'சூப்பர்'. நம்ம ஊர் பி.எஃப் மாதிரியான ஓய்வூதியச் சேமிப்பு இது. 2025 ஜூலை முதல் சம்பளத்தில் 12 சதவீதத்தை நிறுவனம் இதில் போட வேண்டும். ஆஃபரில் 'பேக்கேஜ் 1 லட்சம்' என்று இருந்தால், சூப்பர் போக அடிப்படைச் சம்பளம் 89,286 டாலர்தான். ஒரே ஒரு வார்த்தை மாறுவதால் வாரத்துக்கு 140 டாலர் குறைகிறது.

போய் இறங்கும்போது கையில் எவ்வளவு இருக்கணும்?

பெங்களூருவில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 'பாண்ட்' எனப்படும் முன்வைப்புத் தொகை நான்கு வார வாடகையைத் தாண்டக் கூடாது. முன்கூட்டிய வாடகையாக இரண்டு வாரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. புரோக்கர் கமிஷன் கிடையாது, ஏஜென்ட்டுக்கு வீட்டு உரிமையாளர்தான் கட்டணம் தருகிறார். உங்கள் பின்னணியைச் சரிபார்ப்பதற்கென்று பணம் வாங்குவதும் 2024 அக்டோபர் 31 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது.

வாரம் 700 டாலர் வீட்டுக்கு பாண்ட் 2,800, முன்வாடகை 1,400, மொத்தம் 4,200 டாலர். இது சாவி வாங்குவதற்கு மட்டும். பெரும்பாலான வீடுகளில் அடுப்பு இருக்கும், ஆனால் ஃபிரிட்ஜ், கட்டில், சோபா எதுவும் இருக்காது. ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், கம்ட்ரீ தளங்களில் பழைய பொருட்கள் மலிவாகக் கிடைக்கும். வீடு கிடைக்கும் வரை தற்காலிகமாகத் தங்கும் செலவு தனி. கரண்ட், இன்டர்நெட் பில்லும் உங்களுடையதுதான்.

அந்த பாண்ட் பணம் உரிமையாளரின் பாக்கெட்டுக்குப் போகாது. ஃபேர் டிரேடிங் என்ற அரசுத் துறையிடம் இருக்கும். 'ரென்டல் பாண்ட்ஸ் ஆன்லைன்' என்ற அரசு இணையதளம் வழியாக நீங்களே நேரடியாகக் கட்டலாம். அந்த வசதியை ஏஜென்ட் உங்களுக்குத் தந்தாக வேண்டும்.

வாடகை வரலாறே இல்லையே, என்ன செய்வது?

சிட்னியில் வீட்டுக்கு விண்ணப்பிப்பது கிட்டத்தட்ட வேலைக்கு விண்ணப்பிப்பது மாதிரி. ரியல்எஸ்டேட் டாட் காம் டாட் ஏயு, டொமைன் ஆகிய இரண்டு தளங்களில்தான் பெரும்பாலான விளம்பரங்கள் வரும். வீட்டைப் பார்க்க ஏஜென்ட் நேரம் குறித்திருப்பார். பெரும்பாலும் சனிக்கிழமை, பத்துப் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கும். நல்ல வீடென்றால் வாசலில் வரிசை நிற்கும். பார்த்த அன்றே விண்ணப்பம் போய்விட வேண்டும்.

புதிதாக வருபவர்களுக்கு உள்ளூர் வாடகை ரெக்கார்டு இருக்காது. அதற்குப் பதிலாக இவற்றை இந்தியாவிலிருந்து கிளம்பும் முன்பே ஒரே ஃபோல்டரில் பி.டி.எஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள்:

- பாஸ்போர்ட், விசா அனுமதிக் கடிதம்
- சம்பளம் தெளிவாகக் குறிப்பிடப்பட்ட வேலை ஒப்பந்தம்
- சேமிப்பைக் காட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்
- இந்தியாவில் இருந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம், மாதாமாதம் வாடகை கட்டியதற்கான ஆதாரம்
- பழைய ஹவுஸ் ஓனரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம்
- நீங்கள் யார், எத்தனை பேர் தங்கப் போகிறீர்கள் என்று சொல்லும் ஒரு பக்க அறிமுகக் கடிதம்

'ஆறு மாத வாடகையை மொத்தமாகத் தருகிறேன்' என்று சிலர் தாங்களாகவே முன்வருவார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் கேட்க ஏஜென்ட்டுக்கு உரிமை இல்லை என்பதை நினைவில் வையுங்கள். வேலையில் ஏதாவது சிக்கல் வந்தால், உங்களுக்குக் கைகொடுக்க வேண்டிய பணம் அது. அதேபோல, விளம்பரத்தில் போட்ட வாடகையைவிட அதிகம் தரச் சொல்லிக் கேட்பதற்கும் அங்கே தடை இருக்கிறது.

முதலில் அறை, பிறகு வீடு

மேலே பார்த்த கணக்குப்படி, பலருக்கும் முதல் சில மாதங்களுக்குச் சரிவரும் வழி ஷேரிங்தான். 750 டாலர் வாடகையுள்ள இரண்டு படுக்கையறை வீட்டை இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 375 டாலர். குறைந்தபட்சச் சம்பளத்திலும் இது 30 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஃபிளாட்மேட்ஸ் இணையதளம் இதற்கென்றே இருக்கிறது. அறை ஏற்கெனவே அமைந்த வீடாக இருந்தால், சாமான் வாங்கும் செலவும் மிச்சம்.

ஆனால் ஒரு விஷயத்தில் உஷாரா இருக்கணும். நண்பரின் நண்பர் வீட்டில் 'சும்மா வந்து தங்கு, வாரா வாரம் காசு கொடு' என்ற ஏற்பாடு நம்ம ஆட்களிடையே சகஜம். ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இல்லாமல், பெயர் உள்ளவரோடு எழுத்துப்பூர்வமான உடன்படிக்கையும் இல்லாமல் தங்கினால், வாடகைதாரர் சட்டத்தின் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. நாளைக்கே கிளம்பச் சொன்னால் சட்டப்படி வாதாடுவது கஷ்டம். நட்பு வேறு, பேப்பர் வேறு. ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் பகுதியில் தேடலாம்?

கடற்கரைப் பக்கமும் நகர மையமும் விலை அதிகம், மேற்கே போகப் போகக் குறையும். வென்ட்வொர்த்வில், பென்டில் ஹில், டூன்காபி, வெஸ்ட்மீட் பகுதிகளில் இலங்கைத் தமிழர்களும் இந்தியத் தமிழர்களும் கணிசமாக இருக்கிறார்கள். மளிகை, தோசை, பக்கத்திலேயே சிட்னி முருகன் கோயில் என்று எல்லாமே எட்டும் தூரம்தான். பாரமட்டாவிலிருந்து விரைவு ரயிலில் நகர மையத்தின் சென்ட்ரல் நிலையத்துக்குச் சுமார் அரை மணி நேரம். ஓபல் கார்டில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு அதிகபட்சமாக 50 டாலர்தான் பிடிப்பார்கள். அதனால் தூரமாகப் போனாலும் பயணச் செலவு ஒரு எல்லையைத் தாண்டாது. வாடகையில் 100 டாலர் மிச்சமாகிறதா என்று மட்டும் பாருங்கள்.

வீடு பார்க்கும்போது சுவர் மூலைகளில் பூஞ்சை இருக்கிறதா என்று கவனியுங்கள். இன்னொன்று, ஆஸ்திரேலியா தென் அரைக்கோளத்தில் இருப்பதால் குளிர்காலத்தில் வெயில் வடக்குப் பக்கமிருந்து வரும். வாஸ்து பார்க்காதவர்களுக்கும் அங்கே வடக்குப் பார்த்த வீடு நல்லதுதான்.

பணம் அனுப்பும் முன்

அழகான படங்கள், சந்தை விலையைவிடக் குறைந்த வாடகை, 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பாண்ட் அனுப்பினால் சாவியை கூரியர் செய்கிறேன்' என்று ஒரு மெசேஜ். இது பழைய மோசடி, இன்றும் ஆட்கள் ஏமாறுகிறார்கள். இந்தியாவிலிருந்தே வீட்டைப் பிடித்துவிட வேண்டும் என்ற அவசரம்தான் இவர்களின் மூலதனம். நீங்களோ, நீங்கள் நம்பும் ஒருவரோ வீட்டுக்குள் போய்ப் பார்க்காமல் ஒரு டாலர்கூட அனுப்பாதீங்க. ஏஜென்ட்டின் லைசென்ஸை ஃபேர் டிரேடிங் தளத்தில் சரிபார்க்கலாம். வீட்டைப் பிடித்து வைக்க 'ஹோல்டிங் ஃபீ' கேட்டால், உங்கள் விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகுதான் கேட்கலாம், அதுவும் ஒரு வார வாடகைக்கு மேல் கூடாது.

குடியேறிய பிறகு உங்கள் உரிமைகள்

சாவி வாங்கும்போது 'கண்டிஷன் ரிப்போர்ட்' தருவார்கள். எந்தச் சுவரில் கீறல், எந்தக் குழாயில் கசிவு என்று வீட்டின் நிலையைப் பதிவு செய்யும் படிவம் அது. ஏழு நாளுக்குள் உங்கள் குறிப்புகளையும் எழுதித் திருப்பித் தர வேண்டும். சோம்பேறித்தனம் பார்க்காமல் ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்து வையுங்கள். காலி செய்யும்போது உங்கள் பாண்டைக் காப்பாற்றப் போவது இதுதான்.

வாடகையை 12 மாதத்தில் ஒரு முறைக்கு மேல் உயர்த்த முடியாது. அதற்கும் 60 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். 2025 மே 19 முதல், சட்டம் ஏற்கும் காரணம் இல்லாமல் உங்களைக் காலி செய்யச் சொல்ல முடியாது.

ஒப்பந்தக் காலத்துக்கு நடுவே நீங்களாகவே வெளியேறினால் அபராதம் உண்டு. மூன்றாண்டு வரையிலான ஒப்பந்தங்களில், கால் பங்குக் காலம்கூட முடியவில்லை என்றால் நான்கு வார வாடகை. அதன் பிறகு ஒவ்வொரு கால் பங்குக்கும் ஒரு வாரம் குறைந்துகொண்டே வரும். விசாவோ வேலையோ உறுதியாகாத நிலையில் 12 மாத ஒப்பந்தம் போடும் முன் இதை யோசியுங்கள்.

பிரச்சினை வந்தால் அந்தந்தப் பகுதியில் இயங்கும் வாடகைதாரர் ஆலோசனை மையங்கள் இலவசமாக உதவுகின்றன. தமிழில் பேச வேண்டுமென்றால் 131 450 என்ற அரசு மொழிபெயர்ப்புச் சேவை எண்ணை அழைத்து, அதன் வழியாக ஃபேர் டிரேடிங் துறையோடு பேசலாம்.

கடைசியாக, ஆஃபர் லெட்டருக்குப் பதில் அனுப்பும் முன் எச்.ஆரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். சம்பளம் சூப்பரோடு சேர்த்தா, தனியா? போய் இறங்கியதும் எத்தனை வாரம் தங்க இடம் தருவீர்கள்? முதல் பதில் வாரத்துக்கு 140 டாலர் வித்தியாசம் தரும். இரண்டாவது பதில், கிடைத்த முதல் வீட்டில் பயந்துபோய்க் கையெழுத்துப் போடாமல், நாலு வீடு பார்த்து முடிவெடுக்கும் அவகாசத்தைத் தரும். இரண்டையும் பேசி வாங்கும் வாய்ப்பு, கையெழுத்துப் போடும் வரைதான் உங்கள் பக்கம் இருக்கும்.